பெருந்தொற்றுக் காலத்து நர்சிங் படிப்பு: அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

தண்டையார்பேட்டை செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்திருந்தார். கொரோனா காலத்தில் நர்சிங் படித்தவர்கள் இணையவழிக் கற்றலை எந்த மனப்பாங்குடன் எதிர்கொண்டார்கள் என்பதே அவருடைய ஆய்வு. 30 கூற்றுகள் கொண்ட படிவம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். டியூட்டி மாற்றுவதற்குள் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்த நான், 'இணையவழி வகுப்புகள் எனக்கு மனநிறைவை அளித்தன' என்ற நான்காவது கூற்றிலேயே நின்றுவிட்டேன். எந்த மாதத்தைக் கேட்கிறார்கள், எந்தப் பாடத்தைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் 2019ஆம் ஆண்டு அணி. சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கவே நவம்பர் ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடும்படி அரசு உத்தரவிட்டபோது, படுக்கை விரித்தல், உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே டெமோ முடிந்திருந்தது. இரத்த அழுத்தம் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அடுத்த வாரம் கைப்பேசித் திரையில்தான் வந்தது.

முதல் இரண்டு மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுதி மணி இல்லை, விடியற்காலையில் சீருடைக்கு இஸ்திரி போடும் அவசரமில்லை. உடற்கூறியலும் உடலியங்கியலும் திரையில் பார்த்துப் படிப்பதற்கு ஏற்ற பாடங்களாகவே இருந்தன. ஜூன் மாதம் வந்தபோது நிலைமை வேறு. ராயபுரம் மண்டலத்தின் தொற்று எண்ணிக்கை தினமும் செய்தியில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்பதால், குடியிருப்பின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து நான் கவனிப்பேன். நிழல் நகர நகர நானும் நகர வேண்டும். பதினொன்றரை மணிக்கு மேல் நிழலே இருக்காது.

இரத்த அழுத்த டெமோவும் அந்த மாடியில்தான் நடந்தது. மேடம் தம் வீட்டில் கணவரின் கையில் பட்டையைச் சுற்றி, பாதரசம் ஏறுவதையும் இறங்குவதையும் அழகாகக் காட்டினார். பட்டையின் அழுத்தம் குறையும்போது ஸ்டெதாஸ்கோப்பில் முதலில் கேட்கும் தட்டொலி மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு என்பதை நாங்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தோம். 1905இல் அதைக் கண்டுசொன்ன ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவின் பெயர் உட்பட எல்லாம் தெரியும். மேடம் ஸ்டெதாஸ்கோப்பின் காதுப் பகுதியைக் கைப்பேசியின் ஒலிவாங்கியருகே வைத்து, "கேட்கிறதா?" என்றார். உரையாடல் பெட்டியில் அறுபது பேரும் வரிசையாக 'எஸ் மேடம்' என்று தட்டினோம். எனக்குக் கேட்டது காற்றின் இரைச்சல் மட்டுமே. கல்லூரி திறந்த பிறகு ஒரு மூதாட்டியின் கையில் அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ விரலால் சுவரைத் தட்டுவது போல, அத்தனை மெல்லியதாக இருந்தது. அந்த 'எஸ் மேடம்' அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இதற்கு நான் எந்தக் கட்டத்தில் குறியிடுவது? அந்த ஆண்டுகளில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் தங்கள் மனநிலை எப்படியிருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

வியாசர்பாடி தம்பி எழுதியது:

அந்த அறுபது 'எஸ் மேடம்'களில் ஒன்று என்னுடையதாகவும் இருந்திருக்கலாம், அக்கா. வேறு கல்லூரி, வேறு மேடம், ஆனால் அதே பொய். ஒருவர் 'இல்லை' என்று தட்டினால் வகுப்பு இன்னும் அரைமணி நேரம் நீளும், டேட்டா தீரும் என்ற கணக்குதான் காரணம்.

என்னுடைய சமூகநலச் செவிலியப் பாடமும் திரையில்தான் நடந்தது. அதே நாள்களில் எங்கள் தெருவில் மாநகராட்சியின் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வந்துகொண்டிருந்த அக்காவுடன் நான்கு நாள்கள் சேர்ந்து நடந்தேன். காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னால் வீட்டுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள் என்று அஞ்சும் குடும்பத்திடம் எப்படிக் கேள்வியைத் தொடங்குவது என்பதை அவரிடம்தான் கற்றேன். அவர் "காய்ச்சல் இருக்கிறதா?" என்று ஒருபோதும் கேட்கவில்லை; "பாட்டி நேற்று சாப்பிட்டாரா?" என்றுதான் தொடங்குவார்.

பெரம்பூர் டியூட்டர் எழுதியது:

திரி தொடங்கிய சகோதரிக்கு நன்றி. திரையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கும் அது புதிதாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை வரை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் திங்கட்கிழமை முதல் கூகுள் மீட் என்றார்கள். எப்படித் திரையைப் பகிர்வது என்று என் மகள்தான் கற்றுக்கொடுத்தாள். பெயரின் முதலெழுத்து மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசுவது எவ்வளவு களைப்பூட்டும் என்பதை வகுப்பறையில் மட்டும் பாடம் எடுத்தவர்களுக்கு விளக்க முடியாது. வகுப்பறையில் ஒரு மாணவியின் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே இவளுக்குப் புரியவில்லை என்று கண்டுகொள்வோம். கறுப்புக் கட்டத்துக்கு நெற்றி ஏது?

இருந்தாலும் இணையவழிக் கற்றலை முழுக்கப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள் முதலாண்டில் எவ்வளவு தடுமாறுவார்கள் என்பது நர்சிங் கற்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், ஆங்கிலத்தில் சிறுநீரகத்தின் அமைப்பை விளக்கும்போது பாதியிலேயே தொலைந்துபோவாள். கையைத் தூக்கிக் கேட்க வெட்கப்படுவாள். பதிவு செய்த வகுப்புகளை அனுப்பத் தொடங்கிய பிறகு அப்படிப்பட்ட ஒரு மாணவி, ஒரே வகுப்பை நிறுத்தி நிறுத்தி ஐந்து முறை கேட்டு, தெரியாத சொல்லையெல்லாம் தமிழில் எழுதிவைத்துப் படித்ததாக என்னிடம் சொன்னாள். வகுப்பறையில் நான் ஒருமுறைதான் சொல்வேன். என் பதிவு சலிக்காமல் ஐந்து முறை சொன்னது. அந்த ஆண்டு வாய்மொழித் தேர்வில் அவள் பேசியதைக் கேட்டு எனக்கே வியப்பாக இருந்தது. அவளிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றுதான் குறியிடுவாள், அதில் பொய்யும் இராது.

செய்முறைதான் எங்கள் கையைக் கட்டிப்போட்டது. சிகிச்சைக்கு வேண்டிய பொருள்களைத் தட்டில் வரிசையாக அடுக்கும் ட்ரே செட்டிங் கற்பிக்க, வீட்டில் கிடைப்பதை வைத்து அடுக்கிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கிட்னி ட்ரேவுக்குப் பதிலாக எவர்சில்வர் கிண்ணம், ஃபோர்செப்ஸுக்குப் பதிலாக அடுப்படி இடுக்கி என்று தாம்பாளத்தில் அடுக்கி அனுப்பினார்கள். பொருள்களின் வரிசை சரியாகவே இருந்தது. ஆனால் நுண்ணுயிர் நீக்கிய பொருளைக் கை தொடக்கூடாது என்ற கூச்சம் அடுப்படி இடுக்கியைப் பிடித்துப் பழகினால் வந்துவிடுமா? படுக்கை விரிப்பதை மாணவிகளே செய்துகாட்டும் ரிட்டர்ன் டெமோவுக்கு, நோயாளியைப் படுக்க வைத்தபடியே விரிப்பை மாற்றிக் காணொளி அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒரு மாணவி தன் அம்மாவைப் பாயில் படுக்கவைத்து எடுத்திருந்தாள். நள்ளிரவில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்றுவிட்டு வந்த அந்த அம்மா, மகள் ஒருபக்கமாகப் புரட்டிய கையோடு அப்படியே உறங்கிவிட்டார். மகள் அவரை எழுப்பாமல், மெதுவாக மறுபக்கம் புரட்டி, விரிப்பை இழுத்துச் செருகி முடித்தாள். மூலை மடிப்பு சரியில்லைதான். நான் முழு மதிப்பெண் போட்டேன். அதைத் தவறு என்பவர்கள் சொல்லட்டும்.

எண்ணூர் அண்ணன் எழுதியது:

நான் நர்சிங் படித்தவன் அல்ல. என் தங்கை படித்தாள். மேலே எழுதிய எவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் என்னுடையது. ஊரடங்கில் வேலை நின்றுவிட்டதால் அது அவளிடம் இருந்தது. மீண்டும் வேலைக்கு அழைத்தபோது அதை எடுத்துக்கொண்டுதான் நான் போக வேண்டியிருந்தது. அம்மா தம் கம்மலை அடகு வைத்து அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி இலவச டேட்டா என்று கல்லூரி மாணவர்களுக்கு அரசு அறிவித்ததெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய பத்து மாதங்களுக்கு ரீசார்ஜ் செய்தது யார்? கல்லூரியோ முழுக் கட்டணத்தையும் கேட்டது. நடக்காத போஸ்டிங்குக்கு, அதாவது மருத்துவமனைப் பயிற்சிக்கு, பேருந்துக் கட்டணம் உட்பட.

தங்கைக்கு இணைய வகுப்பு பிடித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போன் ஒலித்தால் வகுப்பு அறுந்துவிடும் என்பதற்காக உறவினர்கள் அனைவரிடமும் பத்து மணி முதல் ஒரு மணி வரை யாரும் அழைக்காதீர்கள் என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தது தெரியும். நவம்பரில் நிவர் புயல் வந்தபோது மின்சாரமும் சிக்னலும் போய், அவளுடைய வருகைப்பதிவில் ஆப்சென்ட் விழுந்தது. ஊரே இருட்டில் கிடந்த நாளில் ஆப்சென்ட்! அதற்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்தவன் நான்தான். அந்தக் கல்லூரி திருவொற்றியூர் தாண்டி

நெறியாளர் எழுதியது:

மேலுள்ள பதிவின் கடைசி வரி நீக்கப்பட்டுள்ளது. குறைகளை எழுதுங்கள், கல்லூரி, மருத்துவமனை, தனிநபர் எவரையும் அடையாளம் காட்ட வேண்டாம்.

2017 அணி எழுதியது:

இதுவரை பேசியவர்கள் பெரும்பாலும் முதலாண்டு, இரண்டாமாண்டு பற்றிச் சொன்னார்கள். நான்காம் ஆண்டில் சிக்கியவர்களின் மனநிலை வேறு.

எங்களுக்கு மகப்பேறியல் இறுதியாண்டில் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருந்த அன்றைய பாடத்திட்டப்படி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 20 இயல்பான பிரசவங்களை நடத்தி, கேஸ் புக்கில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். எங்கள் அச்சமெல்லாம் அந்த 20ஐப் பற்றியதாகவே இருந்தது. வகுப்பு இணையத்தில் நடக்கிறதா, நேரில் நடக்கிறதா என்பது இரண்டாம்பட்சம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரசவத்தின்போது குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் எப்படித் திரும்பி இறங்குகிறது என்பதை எங்கள் மேடம் பொம்மையையும் இடுப்பெலும்பு மாதிரியையும் கேமராவுக்கு மிக அருகில் வைத்துக் காட்டினார். கல்லூரி ஆய்வகத்தில் இதே டெமோ நடந்திருந்தால் நான் நான்காவது வரிசையில் நின்று தோழியின் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். திரையில் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அந்த அசைவுகளை இன்றும் நான் மறக்கவில்லை.

ஆனால் வயிற்றைத் தொட்டுக் கருப்பையின் உயரத்தை அறிவதும், தலை எங்கே, முதுகு எங்கே என்று உணர்வதும் விரல்களின் வேலை. வீட்டில் தலையணைக்குள் தேங்காயை வைத்துப் பழகினேன். சிரிக்காதீர்கள், என்னைப் போல் பலர் செய்தார்கள். போஸ்டிங் கிடைத்தபோது நாள்கள் குறைவு, மாணவிகள் அதிகம். ஒரு பிரசவத்தை ஒருத்தி நடத்துவாள், ஒருத்தி உதவுவாள், மூன்றாமவள் எட்டிப் பார்ப்பாள். மூவர் புத்தகத்திலும் அந்தத் தாயின் பதிவெண் ஏறும். என் கேஸ் புக்கில் 20 இருக்கிறது. என் கை அறிந்தது எத்தனை என்பது எனக்கு மட்டும் தெரியும். 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நர்சிங் முடித்தவர்களைக் கொரோனா பணியில் ஈடுபடுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்ததைக் கேட்டு வீட்டில் எல்லோரும் எனக்குத் தொற்று வந்துவிடுமே என்று அஞ்சினார்கள். என் அச்சம் வேறாக இருந்தது: நான் போய் என்ன செய்வேன்?

வார்டு இன்சார்ஜ் எழுதியது:

முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருப்பவள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் அம்மா இன்றும் சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையின் சங்கொலி போன்ற ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கேட்டபடியே 2020ஐக் கடந்தவள். 'கொரோனா பேட்ச்' என்று ஏளனமாகப் பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளை வார்டில் வைத்து வேலை வாங்கியவள் என்பதால், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இவர்களுக்குப் படிப்பு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். இரத்தக்குழாயில் திரவம் ஏற்றச் செருகும் கேனுலாவில் 20 அளவு இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள் என்பதிலிருந்து எதில் எவ்வளவு வேகமாகத் திரவம் இறங்கும் என்பது வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மருந்தளவுக் கணக்கில் எங்கள் காலத்தவர்களைவிட வேகமானவர்கள். பாதுகாப்புக் கவச உடையை அணிவதிலும், அதைவிட முக்கியமாகக் கழற்றுவதிலும், எனக்கே வரிசை தவறியபோது திருத்தியவர்கள் அவர்கள்தான்.

நான் கவனித்த குறை ஒன்றே ஒன்று. இவர்கள் நோயாளியின் கால்மாட்டில் நின்று பேசுவார்கள், தலைமாட்டுக்கு வரமாட்டார்கள். கையில் கோப்பு இருக்கும், கேள்விகள் சரியாக இருக்கும், குறிப்பும் ஒழுங்காக இருக்கும். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைத் தாண்டி வரக் கால் எழாது. முதலில் அலட்சியம் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். பிறகுதான் புரிந்தது: இரண்டு ஆண்டுகளாக ஆறடி தள்ளி நில் என்று உலகமே சொல்லி வளர்த்த பிள்ளைகள், தொடுவதையே தொழிலாகக் கொண்ட படிப்பைத் திரையில் படித்திருக்கிறார்கள். ஒருத்தியை அழைத்து, ஊசி வேண்டாம், ட்ரே வேண்டாம், இந்தத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசு என்றேன். வயதானவர்களின் இரத்தக்குழாய் தோலுக்கடியில் வழுக்கி ஓடும். ஒரு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, இன்னொரு விரலால் அந்தத் துள்ளலை உணர வேண்டும். அவள் அன்று அந்தக் கையைத் தடவியபடி பேசிக்கொண்டிருந்தபோதே குழாயைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வாரத்தில் அவளைக் குறைசொல்ல எதுவுமில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, குற்றம் இணையத்தின்மீது அல்ல என்பது என் கருத்து. திறந்த பிறகும் போஸ்டிங் நாள்களைக் குறைத்து, விட்டுப்போன மணிநேரங்களைத் தாளில் நிரப்பிக் கணக்கை முடித்தார்களே, அங்கேதான் கோளாறு. இணைய வகுப்பு தானாக எந்தக் கையையும் பலவீனமாக்கவில்லை.

பெரம்பூர் டியூட்டர் எழுதியது:

சிஸ்டர் சொல்வதில் பாதிதான் சரி. போஸ்டிங் கேட்டு நாங்கள் அலைந்தபோது, மாணவிகளை உள்ளே விட்டால் தொற்றுக்கு யார் பொறுப்பு என்று மருத்துவமனைகள் கேட்டன. பெற்றோர்களும் அதையே கேட்டார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம் இல்லாமல் ஒரு மாணவியைக்கூட அழைத்துச் செல்ல முடியவில்லை. தாளில் மணிநேரம் நிரப்பப்பட்டது உண்மை. அதை விரும்பிச் செய்தவர்கள் இல்லை.

வார்டு இன்சார்ஜ் எழுதியது:

விரும்பிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, மேடம். செய்தார்கள் என்றுதான் சொன்னேன்.

ஆய்வு மாணவி எழுதியது:

அந்தப் படிவத்தைக் கொடுத்தவள் நானாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தண்டையார்பேட்டை அக்கா, நீங்கள் நான்காவது கேள்வியில் நிறுத்திவிட்டுத் திருப்பித் தந்தது நினைவிருக்கிறது.

இந்த ஐந்து கட்ட முறை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தது. மனப்பாங்கை எண்ணாக மாற்ற எங்களுக்குக் கிடைத்த எளிய வழி இதுதான். வழிகாட்டிப் பேராசிரியரும் புள்ளியியலாளரும் எண்ணைத்தான் கேட்பார்கள். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு என் கையிலுள்ள படிவங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முற்றிலும் உடன்பட்டால் 5, முற்றிலும் மறுத்தால் 1 என்ற கணக்கில் 30 கூற்றுகளுக்கு அதிகபட்சம் 150. எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் குறியிட்டால் 90 வரும். பாதிக் கூற்றுகளை முற்றிலும் ஏற்று, மீதிப் பாதியை முற்றிலும் மறுத்தாலும் 75உம் 15உம் சேர்ந்து அதே 90தான். இருவரையும் 'மிதமான மனப்பாங்கு' என்ற ஒரே பெட்டியில் போட்டிருக்கிறேன். முதலாமவருக்கு இது பற்றி அக்கறையே இல்லாமல் இருக்கலாம். இரண்டாமவர், பதிவை ஐந்து முறை கேட்டுப் பாடம் படித்தவராகவும், தலையணைக்குள் தேங்காய் வைத்துப் பழகியவராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

முழுப் படிவத்தையும் மாற்ற இப்போது இயலாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற வடிவம் அது. கூற்றுகளை ஏட்டுப்பாடம், ஆய்வகச் செய்முறை, வார்டுப் பணி என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் காட்ட மட்டும் அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். அது போதுமா?

தண்டையார்பேட்டை செவிலி எழுதியது:

போதும் என்று சொல்லமாட்டேன், முன்னதைவிட நன்று. இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் கேட்டிருந்தால் நான் வேறு கட்டத்தில் குறியிட்டிருப்பேன், 2021 மே மாதத்தில் வேறு கட்டத்தில். இத்தனை ஆண்டுகள் கழித்து, வேலையில் அமர்ந்து, கை பழகிய பிறகு கேட்கும்போது, அன்றைய அச்சத்தைச் சற்றுக் குறைத்தே சொல்வோம். உங்கள் ஆய்வறிக்கையில் எப்போது கேட்டீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர், நீங்கள் சொன்ன கால்மாட்டுக் கம்பி என்னையும் சேர்த்ததுதான். எனக்கு அதைத் தாண்ட ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது; தாத்தாவின் கையைப் பிடிக்கச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

தங்கையே, அந்தப் படிவத்தை எனக்கு மறுபடியும் கொடுங்கள். வியாழன் வரை எனக்கு இரவுப் பணி. காலை ஏழரைக்கு முன் வந்தால் வார்டிலேயே நிரப்பித் தருகிறேன். நான்காவது கூற்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில் கொஞ்சம் எழுத இடம் விடுங்கள்.